ஐந்து மணி நேரத்தில் ஒரு மலை

கடந்த இருபது ஆண்டுகளில் கல்லூரியில் பட்டப்படிப்புப் படித்த வாசகர்களில் மிகப் பெரும்பாலோர் 'சுற்றுச்சூழல் கல்வி' என்னும் தாளை எழுதியிருப்பீர்கள். வணிகவியல் படித்தவரும் எழுதினார். இயற்பியல் படித்தவரும் எழுதினார். தமிழ் இலக்கியம் படித்தவரும் எழுதினார். எல்லாத் துறையினரும் ஒன்றுபோல எழுதிய அறிவியல் தாள் அது ஒன்றுதான். எல்லாரும் விரைவில் மறந்த தாளும் அதுவே என்று சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அத்தாளின் முதல் வினா பெரும்பாலும் இப்படி அமையும்: சுற்றுச்சூழல் கல்வியின் பல்துறைத் தன்மையை விளக்குக. விடையும் நமக்கு மனப்பாடம். உயிரியல், வேதியியல், நிலவியல், பொருளியல், சட்டம், சமூகவியல் ஆகிய யாவும் இதில் அடங்கும் என்று தொடங்கி, துறைக்கு ஒரு வரி வீதம் எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். துறைகளின் பெயர்களை ஒப்பித்ததற்கு மதிப்பெண்! அத்துறைகள் எங்கே சந்திக்கின்றன, சந்தித்தால் என்ன பேசிக்கொள்கின்றன என்று எவரும் கேட்பதில்லை. இக்கட்டுரையில் அதைக் கேட்டுப் பார்ப்போம். வெறும் தாளில் வைத்துக் கேட்டால் பயனில்லை. கேட்பதற்கு ஓர் இடம் வேண்டும். நான் ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்கிறேன்.

இந்த மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. வடசரிவில் விழும் மழை பாலாற்றுக்குப் போகிறது. கிழக்கே செய்யாறும் கமண்டல நாகநதியும் பிறக்கின்றன. நாகநதி செய்யாற்றில் கலக்கிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. மலைமேல் வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தை நினைக்க வேண்டாம். இவர்கள் தமிழ் பேசுவோர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தனர் என்று வழிவழியாகச் சொல்லி வருபவர்கள். சாமை விதைப்பர், தேனும் புளியும் கடுக்காயும் எடுப்பர். மலையைச் சுற்றியுள்ள திருப்பத்தூர், வாணியம்பாடி, வேலூர், ஆரணி, செங்கம் முதலிய ஊர்களின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்போது அவர்கள் கண்ணுக்கு எட்டும் தொலைவில் நிற்பது இந்த மலையே.

பாடம் பிறந்த வரலாறு

முதலில் பாடத்துக்குரிய மரியாதையைச் செய்துவிடுவோம். அது யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து திடீரென்று எழுதியதன்று. 1977 அக்டோபரில், அந்நாளைய சோவியத் ஜார்ஜியாவின் தலைநகரான திபிலிசியில் யுனெஸ்கோ ஒரு மாநாடு கூட்டியது. சூழல் கல்வியைத் தனிப்பாடமாக ஒதுக்காமல் எல்லாத் துறைகளையும் இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்று உலக நாடுகள் அங்கே ஒப்புக்கொண்டன. நம் நாட்டில் எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இது கட்டாயப் பாடமாக வேண்டும் என்பது அதன் சாரம். தீர்ப்பு வந்தும் காரியம் நகரவில்லை. 2003-இல் நீதிமன்றம் மீண்டும் வற்புறுத்திய பிறகே பல்கலைக்கழக மானியக் குழுவின் பொதுப் பாடத்திட்டம் கல்லூரிகள்தோறும் நடைமுறைக்கு வந்தது. மானியக் குழுவுக்காக அதன் பாடநூலை எழுதிய ஈராக் பரூச்சா அடிப்படையில் ஓர் அறுவை மருத்துவர். வேலி தாண்டியவர் ஒருவரே நூலை எழுதினார் என்பது நல்ல தொடக்கம் அல்லவா?

பாடத்திட்டம் 50 மணி நேரத்துக்குரியது, 8 அலகுகள். பல்துறைத் தன்மைக்கு 2 மணி, இயற்கை வளங்களுக்கு 8, சூழல் மண்டலங்களுக்கு 6, உயிரினப் பன்மைக்கு 8, மாசுக்கு 8, சமூகச் சிக்கல்களுக்கு 7, மக்கள்தொகைக்கு 6, களப்பணிக்கு 5. கூட்டிப் பாருங்கள், சரியாக 50 வரும். களப்பணி என்னும் கடைசி அலகில் ஆறு, காடு, மலை போன்ற ஓர் இடத்தைப் பார்த்துப் பதிவு செய்தல், மாசுபட்ட ஓர் இடத்துக்குச் செல்லுதல், குளம் அல்லது மலைச்சரிவு போன்ற எளிய சூழல் மண்டலம் ஒன்றை ஆராய்தல் ஆகியவை சொல்லப்பட்டுள்ளன. 5 மணி நேரம் மட்டுமே என்றாலும், 100 மதிப்பெண்ணில் 25 அதற்கு ஒதுக்கப்பட்டது. ஆக, திட்டம் வகுத்தவர்கள் களத்தின் மதிப்பை உணராதவர்கள் அல்லர். ஆனால் திருப்பத்தூரிலிருந்து பேருந்தேறி ஜமுனாமரத்தூர் போய்த் திரும்பினாலே அந்த 5 மணி நேரத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும் என்பதை அந்த வளைவுகளில் பயணம் செய்தவர்கள் அறிவார்கள்.

நடைமுறையில் நிகழ்வது என்ன? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் மாணவர்களின் களப்பணிக் குறிப்பேடுகளைப் புரட்டும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஒரு கட்டாக நாற்பது இருந்தன. பெரும்பாலானவற்றில் பீமன் மடவு அருவியின் படம்; அதன்கீழ் ஒரே பத்தி; அப்பத்தியில் ஒரே எழுத்துப் பிழை. ஒருவர் எழுத மற்றவர் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அருவியைப் பார்த்து என்ன கேட்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அக்கட்டில் ஒரே ஒரு குறிப்பேடு மட்டும் வேறாக இருந்தது. எழுதியவள் மலைமேல் ஓர் ஊரைச் சேர்ந்த பெண். அருவிப் படம் இல்லை. அவளுடைய பாட்டி காட்டில் பொறுக்கி வரும் கடுக்காயைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். முன்பெல்லாம் தோல் ஆலைக்கென்று வியாபாரி மூட்டை மூட்டையாக வாங்குவானாம். இப்போது மருந்துக்கென்று பொறுக்கியெடுத்துக் கொஞ்சமே வாங்குகிறானாம். ஏன் என்று பாட்டிக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை என்று முடித்திருந்தாள்.

அந்த 'ஏன்' என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாம் கொஞ்ச தூரம் போவோம்.

கடுக்காயின் வழி

கடுக்காயில் நிறைந்திருப்பது துவர்ப்பொருள். டானின் என்பது அதன் வேதியியல் பெயர். கடுக்காயைக் கடித்தால் நாக்கு சுருங்குகிறதே, ஏன்? உமிழ்நீரில் உள்ள புரதத்தை அத்துவர்ப்பொருள் பற்றிக்கொள்வதால். பச்சைத் தோலில் உள்ள கொலாஜன் என்னும் புரத இழைகளையும் அது அவ்வாறே பற்றிப் பிணைத்து, அழுகாமல் காக்கிறது. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தென்னாட்டுத் தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் கப்பலேறி ஐரோப்பா சென்றது. மலைக்குக் கீழே, பாலாற்றங்கரையில், வாணியம்பாடியும் ஆம்பூரும் தோலால் வளர்ந்தன. மலைக்காட்டின் துவர்ப்பும் ஆற்றின் தண்ணீரும் அங்கே ஒன்றுகூடின என்று சொல்லலாம்.

பிறகு குரோமியம் வந்தது. பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல், குரோமிய உப்பில் ஏறக்குறைய ஒரு நாளில் பதமாகிவிடும், மென்மையும் மிகுதி. ஆனால் வேதியியல் மட்டும் இம்மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழு என்ற அரசுக் குழு, பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுமையாக முடித்த தோலையும் தோற்பொருள்களையும் அனுப்ப வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி கூடும், வேலையும் பெருகும் என்பது நோக்கம். நோக்கத்தில் பிழையில்லை. ஏற்றுமதிக் கொள்கை டில்லியில் திரும்பியது. ஆம்பூரில் பட்டைத் தொட்டிகள் குறைந்து குரோமியப் பீப்பாய்கள் சுழலத் தொடங்கின. கடுக்காய்க்கு அங்கிருந்த இடம் சுருங்கியது. பாட்டியின் மூட்டை இளைத்ததற்கு இது ஒரு காரணம்.

பாலாறு என்ன ஆயிற்று? இங்கே விடைத்தாளில் ஒவ்வொருவரும் 'குரோமியம்' என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் பேனாவை மூடுவர். குரோமியம் கேடுதான், ஐயமில்லை. ஆயினும் பாலாற்றுப் படுகையில் கிணறுகளை உவராக்கியதில் பெரும்பங்கு நாம் சமையலில் போடும் சாதாரண உப்புக்கே உரியது. உரித்த தோல் ஆலைக்கு வரும்வரை அழுகாமலிருக்க உப்பிடுகிறார்கள். ஆலையில் முதலில் கழுவி வெளியேறுவது அந்த உப்பே. 1990-களில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் குரோமியத்தையும் கரிமக் கழிவையும் பெருமளவு குறைத்தன. கரைந்த உப்பு அவற்றுக்கு அகப்படவில்லை. 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற்போனது என்பதை அத்தீர்ப்பில் காணலாம். கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டின் சட்டம் என்று அறிவித்த தீர்ப்பு இதுவே. உலகெங்கும் சட்ட மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். அது பிறந்த இடத்தின் மாணவனோ 'சமூகச் சிக்கல்கள்' அலகில் அதை ஒரு வரியாகப் படித்தால் உண்டு.

இதிலிருந்து பட்டைத் தோலே தூயது, பழையதே நல்லது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். பட்டைச் சாற்றின் கழிவும் நீரில் கலந்தால் அதன் உயிர்வளியை உறிஞ்சிவிடும்; ஆவாரஞ் செடியின் பட்டையை உரித்துக்கொண்டே போனால் செடி என்ன ஆவது என்ற கேள்வியும் உண்டு. நான் சொல்ல வருவது வேறு. கடுக்காயின் 'ஏன்' என்னும் ஒரு கேள்விக்கு விடை தேட வனவியல், புரத வேதியியல், ஏற்றுமதிப் பொருளியல், நிலத்தடி நீரியல், சட்டம் ஆகிய ஐந்தும் வேண்டியிருந்தன. அதுவும் இந்த வரிசையில், ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று தொடங்குமாறு. பாடத்திட்டத்தில் இவை ஐந்தும் இருக்கின்றன. காடு இரண்டாம் அலகில், மாசு ஐந்தாம் அலகில், சட்டம் ஆறாம் அலகில். ஆனால் காட்டைப் பேசும் பக்கம் தோலை அறியாது. தோலைப் பேசும் பக்கம் காட்டை அறியாது.

காய்களைத் தனித்தனியே நறுக்கித் தட்டில் பரப்பி வைப்பது ஒன்று. அவியல் ஆக்குவது மற்றொன்று. முன்னதைப் பல்துறை என்று அழையுங்கள். பின்னதைத் துறையிணைப்பு என்று அழையுங்கள். திபிலிசியில் உலகம் கேட்டது அவியலை. நம் கல்லூரிகளுக்கு வந்து சேர்ந்தது நறுக்கிய காய்.

சந்தன மரமும் இருபது பிணங்களும்

கடுக்காயை விடக் கனமான ஒன்றுக்கு வருவோம். ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர்போனது. திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கு உண்டு. சந்தன மரத்தைப் பற்றித் தாவரவியல் ஆசிரியர் சொல்வதைக் கேட்டால் வியப்பாக இருக்கும். பச்சை இலை உள்ள மரம், தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஆயினும் அதன் வேர்கள் அடுத்த செடியின் வேரைத் துழாவிப் பற்றி, நீரையும் உப்புகளையும் உறிஞ்சிக்கொள்ளும். பாதி ஒட்டுண்ணி என்று இதற்குப் பெயர். நாற்றங்காலிலேயே அதன் பக்கத்தில் ஒரு துவரைச் செடியையோ வேறொன்றையோ துணைக்கு நட வேண்டும். விதையைப் பரப்புபவை பறவைகள். மணக்கும் வைரம் பாய்வதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகும்; நல்ல விலைக்கு இன்னும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டும்.

இத்தனையும் தாவரவியல். இனி, அம்மரம் ஓர் உழவரின் பட்டா நிலத்து வேலியோரம் தானாக முளைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பறவை சட்டம் அறியாது. தம் நிலத்து மரமே ஆனாலும் விருப்பப்படி வெட்டி விற்க அவருக்கு நெடுங்காலம் உரிமை இல்லை. 2002-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்ட பிறகே நட்டவருக்கு மரம் சொந்தம் என்ற நிலை வந்தது, விற்பதற்கு இன்னும் வனத்துறையின் வழியே போக வேண்டும் என்றாலும். மரம் களவு போனால் முதலில் விசாரிக்கப்படுபவர் நிலத்துக்காரர். முளையிலேயே பிடுங்கி எறிவது அவருக்கு அறிவுடைமை ஆகிவிடாதா? இப்போது சொல்லுங்கள்: சந்தனம் அருகிவருவதன் காரணம் தாவரவியலில் இருக்கிறதா, சட்டப் புத்தகத்தில் இருக்கிறதா?

மரம் குறைந்தது, மரம் வெட்டும் பழக்கம் உள்ள கைகள் குறையவில்லை. மலையில் வேறு கூலி வேலையும் போதிய அளவில் இல்லை. ஆந்திரத்துச் சேசாசலம் காடுகளில் வளரும் செம்மரத்துக்கு வெளிநாடுகளில் பெரும் விலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம் அது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் பட்டியலில் 1995 முதல் இருப்பது. தரகர்கள் தமிழ்நாட்டு மலைக் கிராமங்களுக்கு வந்தனர். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் சேசாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தனர். ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்களும் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் பலர். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. பிடித்து வைத்துக் கொன்றார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின.

நமது பாடத்தின் நான்காம் அலகில், உயிரினப் பன்மைக்கு நேரும் இடர்கள் என்ற தலைப்பின்கீழ், வாழிட இழப்பு, களவு வேட்டை, மனித விலங்கு மோதல் என்று மூன்று சொல்லப்படுகின்றன. மரக்கடத்தலையும் இவற்றோடு சேர்த்து எழுதினால் தவறென்று எவரும் அடிக்க மாட்டார். 2015-இல் அப்பாடத்தைப் படித்த ஜவ்வாது மலை மாணவன் ஒருவன் ஊருக்குத் திரும்பினால், எதிர்வீட்டில் ஒப்பாரி கேட்டிருக்கக்கூடும். அந்த வீட்டுக்காரனைத் தன் பாடம் 'இடர்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டது என்பது அவனுக்கு உறைத்திருக்குமா? மரத்தைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செம்மரம் அழிந்தால் திரும்பாது. ஆனால் மரத்தின் உயிரியலை ஓர் அறையிலும், தரகன் கொடுக்கும் முன்பணத்தின் பொருளியலை வேறோர் அறையிலும், துப்பாக்கியின் சட்டத்தை மூன்றாவது அறையிலும் நடத்தி, மூன்றையும் ஒருபோதும் ஒரு மேசைக்குக் கொண்டுவராத கல்வியால் மரத்தையும் காக்க முடியாது, மனிதனையும் காக்க முடியாது.

சாமையைப் பற்றி மிகச் சுருக்கமாக. சத்துள்ள தானியம், வறட்சியைத் தாங்குவது, 2023 சிறுதானிய ஆண்டு என்றெல்லாம் மேடையில் கேட்டு அலுத்திருப்பீர்கள். ஆனால் சாமையின் உமி கடினமானது. உரலில் குத்திப் புடைத்து அரிசியாக்கும் வேலை பெண்களின் தோளில் விழுந்தது. நியாயவிலைக் கடையில் குத்திய நெல்லரிசி கிடைத்தபோது எந்தத் தாய் உரலைத் தேடுவாள்? கொல்லிமலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களை மீட்க முற்பட்டபோது, விதையோடு நில்லாமல் உமி நீக்கும் பொறியையும் விற்பனையையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருந்தது. உயிரினப் பன்மைக்குப் பொறியியல் துறையின் உதவி வேண்டும் என்பதை எந்த அலகிலிருந்து நம் மாணவர் கற்பார்?

விடுபட்டவை

மாசு பற்றிய அலகில் காற்று, நீர், மண், கடல், ஒலி, வெப்பம், அணுக்கதிர் என்று பட்டியல் நீள்கிறது. மலைவாசி மாணவனும் கடல் மாசைப் படிக்கிறான், படிக்கட்டும். ஆனால் ஜவ்வாது மலைக்கென்றே உரிய மாசு ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை. அது ஒளி. வைணு பாப்பு 1960-களில் காவலூரைத் தேர்ந்தெடுத்தது அங்கே வானம் இருட்டாக இருந்ததால். 1977 மார்ச்சு 10-ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அக்கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென்று காட்டிய நோக்கல்களில் காவலூரில் செய்ததும் ஒன்று. 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இயங்குகிறது. சமவெளி ஊர்களின் விளக்குகள் பெருகப் பெருக அந்த இருட்டு கரைகிறது. அதே வேளையில், தெருவிளக்கு வேண்டும் என்று கேட்கும் மலைக் கிராமத்தின் கேள்வியும் நியாயமானதே. விளக்கின் ஒளியைத் தரைக்கு மட்டும் திருப்பும் மூடி ஒன்று இவ்விரண்டையும் ஓரளவு இணக்கிவிடும். இதைவிட அழகான களப்பணி ஒரு கல்லூரிக்குக் கிடைக்குமா?

விடுபட்ட இன்னொன்று தமிழ்த் துறை. சங்க நூலான பத்துப்பாட்டில் மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மாவின் தலைவன் நன்னனிடம் பரிசு பெறப் போகும் கூத்தர்க்கு மலைவழி காட்டுவது. செங்கண்மா இன்றைய செங்கமே. அதில் சேயாறு வருகிறது. தினையும் வரகும் எள்ளும் அவரையும் விளையும் நிலம் வருகிறது. பன்றிக்கு வைத்த பொறியில் சிக்கிவிடாதீர்கள் என்ற எச்சரிக்கையும் வருகிறது. கவிதையை ஆய்வறிக்கை போலப் படிக்க முடியாது என்பது உண்மை. புலவர் புகழ்ச்சியைக் கழிக்க வேண்டும். கழித்த பின்னும் மிஞ்சுவதைக் கொண்டு இந்த மலைச்சாரலில் எது நீடித்தது, எது மறைந்தது என்று தாவரவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் கூடிப் பேசலாம். ஆனால் பெரும்பாலான கல்லூரிகளில் இந்தத் தாள் எவருக்கு வகுப்பு நேரம் குறைகிறதோ அவர் தலையில் கட்டப்படுகிறது. துறைகளின் சங்கமம் என்று நூலில் எழுதியிருப்பது அட்டவணையில் துறைகளின் எச்சமாக முடிகிறது.

எதிர்வாதம் ஒன்று

இவ்விடத்தில் என் நண்பரான வேதியியல் பேராசிரியர் ஒருவர் எப்போதும் சொல்லும் மறுப்பைக் குறிப்பிடாவிட்டால் நேர்மையாகாது. "எல்லாவற்றையும் கலந்து கற்பித்தால் எதிலும் ஆழம் இராது ஐயா. டானினைப் பற்றிச் சரியாகத் தெரியாதவன் பாலாற்றைப் பற்றிப் பேசி என்ன பயன்?" என்பார். பாதி சரி. ஆழமாக ஒன்றையாவது அறியாதவர்கள் கூடிப் பேசினால் அது அரட்டை.

ஆனால் மறுபாதியைக் கர்நாடகத்து மூங்கில் காட்டுகிறது. காகித ஆலைக்கு அரசு டன்னுக்கு ஒன்றரை ரூபாய் வீதம் மூங்கில் தர ஒப்பியிருந்தது. கூடை முடைவோர் சந்தையில் அதைப்போல் பன்மடங்கு கொடுத்து வாங்கினர். மூங்கில் அருகியபோது, குற்றம் மக்கள் மீதும் மாடுகள் மீதும் சுமத்தப்பட்டது. 1970-களில் மாதவ் காட்கில் என்னும் உயிரியல் அறிஞர் இதை ஆராயச் சென்றார். மூங்கில் புதரின் அடியில் முள் மண்டிக் கிடப்பது வளர்ச்சியைத் தடுக்கும் என்று கருதி அதை வெட்டித் துப்புரவு செய்து வந்தனர். முள்ளை விட்டுவிடுங்கள் என்று ஊர் மக்கள் சொன்னார்கள். அளந்து பார்த்தபோது அவர்கள் சொன்னதே சரி: முள் அகன்ற புதரில் இளங்குருத்தை மாடும் காட்டு விலங்கும் மேய்ந்துவிட்டன. காட்கில் உயிரியலில் ஆழமானவர். அதனால்தான் அளக்க முடிந்தது. ஊராரிடம் கேட்டார், அதனால்தான் எதை அளப்பது என்று தெரிந்தது. ஒன்றரை ரூபாயைக் கணக்கிட்டார். அதனால்தான் ஆலைக்கு மூங்கிலைச் சிக்கனமாக வெட்டும் எண்ணம் ஏன் வரவில்லை என்று விளங்கியது. பின்னாளில் அவர் வரலாற்றறிஞர் இராமச்சந்திர குகாவுடன் சேர்ந்து இந்தியாவின் சூழல் வரலாற்றை நூலாக எழுதினார். அது 1992-இல் வெளிவந்தது. ஆழமும் கூட்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று என் நண்பரிடம் சொன்னேன். அவர் முழுதும் ஒப்பவில்லை.

2023-இல் மானியக் குழு புதிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தாள் 4 மதிப்பலகுகள் பெற்றது. பருவநிலை மாற்றம், கழிவு மேலாண்மை, துப்புரவு முதலியன கூடின. களப்பணியும் நிகழ்வாய்வும் வற்புறுத்தப்பட்டன. வரவேற்கத்தக்கதே. ஆனால் அலகுகள் அலகுகளாகவே நிற்கும் வரை, புதிய காய்கள் தட்டில் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால், களப்பணியைக் கடைசியிலிருந்து எடுத்து முதலில் வைப்பேன். பருவத்தின் முதல் வாரத்திலேயே மாணவர்களை மலைக்கோ ஏரிக்கோ தோல் ஆலை வாசலுக்கோ அனுப்பி, ஆளுக்கொரு 'ஏன்' கொண்டுவரச் சொல்வேன். அதன்பிறகு வேதியியல் ஆசிரியர் வரட்டும், பொருளியல் ஆசிரியர் வரட்டும், தமிழாசிரியரும் வரட்டும்.

கடுக்காயைப் பற்றி எழுதிய பெண்ணின் குறிப்பேட்டுக்கு எத்தனை மதிப்பெண் என்று நான் அந்தக் கல்லூரி ஆசிரியரிடம் கேட்டேன். விலங்கியல் படித்தவர், நல்லவர், அவ்வாண்டு மட்டும் மூன்று வகுப்புகளுக்கு இந்தத் தாளை நடத்தியவர். குறிப்பேட்டை மீண்டும் ஒருமுறை படித்தார். "நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். இதை எந்த அலகில் வைத்து மதிப்பெண் போடுவது என்றுதான் தெரியவில்லை" என்றார்.